ஒரு நிலையம், ஐந்து கோப்புகள்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை செல்லும் புறநகர் ரயில்களுக்கு ஒரு செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தைத் தொட்டால் கட்டணமும் அடுத்த வண்டியின் நேரமும் வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நிலையங்களின் பட்டியல் ஐந்து இடங்களில் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பெயர்கள் ஒரு கோப்பில், ஆங்கிலப் பெயர்கள் இன்னொன்றில், கட்டணம் மூன்றாவதில், கால அட்டவணை நான்காவதில், சர்வரில் தரவுத்தளத்தை உருவாக்கும் எஸ்.க்யூ.எல். கோப்பு ஐந்தாவது. யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்வதில்லை. அந்தந்தக் கோப்பை எழுதும்போது பட்டியல் அங்கே தேவைப்படுகிறது, எழுதிவிடுகிறோம்.

பட்டியல் மாறாத வரை செயலி ஒழுங்காகவே ஓடும். ஆனால் சென்னையில் எந்தப் பட்டியல்தான் மாறாமல் இருந்திருக்கிறது? 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கே வந்து இறங்குபவர்களுக்காக வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம் திட்டமிடப்பட்டது. ரயில்வேக்கு அது கோடிக்கணக்கில் செலவு. நம் செயலிக்கு ஒரே ஒரு புதிய வரி. என்ன, அந்த வரியை ஐந்து கோப்புகளிலும் சேர்க்க வேண்டும். நான்கில் சேர்த்துவிட்டு ஐந்தாவதை மறந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

வரிசை எண்ணை நம்பினால்

புதிதாக நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களை வரிசை எண்ணால் இணைப்பார்கள். பெயர்ப் பட்டியலில் 21-ஆவது ஊரப்பாக்கம் என்றால், கட்டணப் பட்டியலிலும் 21-ஆவது எண் ஊரப்பாக்கத்தின் கட்டணம். (நிரலில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், இங்கே படிக்க வசதியாக ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.) கடற்கரை 1, தாம்பரம் 18, பெருங்களத்தூர் 19, வண்டலூர் 20, ஊரப்பாக்கம் 21, கூடுவாஞ்சேரி 22 என்று போய், செங்கல்பட்டு 28-இல் முடியும்.

இப்போது பெயர்ப் பட்டியலில் 21-ஆவது இடத்தில் கிளாம்பாக்கத்தைச் செருகுகிறீர்கள். ஊரப்பாக்கம் 22 ஆகிறது, கூடுவாஞ்சேரி 23, செங்கல்பட்டு 29. கட்டணக் கோப்பைத் தொட மறந்துவிட்டீர்கள். கிளாம்பாக்கத்தைத் தொட்டால் ஊரப்பாக்கத்தின் கட்டணம் வரும். ஊரப்பாக்கத்தைத் தொட்டால் கூடுவாஞ்சேரியின் கட்டணம் வரும். அடுத்தடுத்த நிலையங்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் திரையில் எதுவும் தப்பாகத் தெரியாது. நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது. 29-ஆவது எண் கட்டணப் பட்டியலில் இல்லாததால் செங்கல்பட்டைத் தொட்டால் மட்டும் செயலி விழுந்துவிடும். தாம்பரத்தில் இறங்குகிறவர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார், செங்கல்பட்டுக்காரர் திட்டுவார். நீங்களோ செங்கல்பட்டின் வரியில் என்ன தவறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தவறு எட்டு நிலையங்களுக்கு முன்னால் இருக்கிறது.

விழுந்துவிடும் நிரல் ஒரு வகையில் நல்லது, புகார் வரும், திருத்திவிடலாம். ஒத்துப்போகாத தரவின் ஆபத்தே அது பெரும்பாலும் விழாமல் ஓடுவதுதான்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் இதைப் பிடிக்காதா? பிடிக்காது. அதன் கண்ணில் 28 எண்கள் கொண்ட பட்டியலும் 29 பெயர்கள் கொண்ட பட்டியலும் தனித்தனியாகச் செல்லுபடியானவை. இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்பது உங்கள் மனதில் மட்டும் இருக்கும் செய்தி, அதை எந்தக் கோப்பிலும் நீங்கள் எழுதவில்லை.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து, பலர் எழுதியதை இணைத்துத் தரும் கிட் பிடிக்காதா? அதுவும் பிடிக்காது. ஒரே கோப்பின் ஒரே பகுதியை இருவர் இருவிதமாக மாற்றினால்தான் கிட் மோதல் என்று நிறுத்தும். நீங்கள் உங்கள் கிளையில், அதாவது உங்கள் தனிப் பிரதியில், கிளாம்பாக்கத்தைப் பெயர்க் கோப்பில் சேர்க்கிறீர்கள். அதே வாரம் உங்கள் சக ஊழியர் பழைய 28 நிலையங்களை வைத்துக்கொண்டு மூத்த குடிமக்களுக்கான புதிய கோப்பு ஒன்றை எழுதுகிறார். இருவரும் வேறு வேறு கோப்புகளைத் தொட்டதால் இணைப்பு சுமுகமாக முடியும். இருவர் எழுதியதும் தனித்தனியே சரி, சேர்த்து வைத்தால் தவறு.

தரவுத்தளத்துக்குள் இருக்கும் தரவுக்கு இந்தக் கதி இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியிலேயே ஃபாரின் கீ என்ற கருத்து வந்துவிட்டது. கட்டண அட்டவணையில் ஒரு நிலையத்தைக் குறிப்பிட வேண்டுமானால் அது நிலைய அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டால், இல்லாத நிலையத்துக்குக் கட்டணம் சேர்க்கத் தரவுத்தளமே மறுத்துவிடும். மூலக்கோப்புகளுக்கு அப்படி ஒரு காவல் தானாகக் கிடைப்பதில்லை. அதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இனி வரும் எல்லாமே அந்தக் காவலை எப்படி அமைப்பது என்பதைப் பற்றித்தான்.

மாறாத ஒன்றைச் சாவியாக வையுங்கள்

முதல் வேலை, வரிசை எண்ணைத் தூக்கி எறிவது. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்று, அதாவது ஒரு சாவி, வேண்டும். எல்லாக் கோப்புகளும் அதைச் சொல்லியே அந்த நிலையத்தைக் குறிப்பிட வேண்டும்.

பெயரையே அடையாளமாக வைக்கலாமே என்று தோன்றும். சென்னை சென்ட்ரலைப் பாருங்கள். ரயில்வேயின் ஏடுகளில் அதன் குறியீடு எம்.ஏ.எஸ்., அதாவது மெட்ராஸ் காலத்துக் குறியீடு. 1996-இல் நகரத்தின் பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை என்று மாறியது. 2019-இல் நிலையத்துக்கே எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பெயர் இத்தனை முறை மாறியும் குறியீடு அசையவில்லை. எழும்பூர் இன்றும் எம்.எஸ்., தாம்பரம் டி.பி.எம்., மாம்பலம் எம்.பி.எம். பயணிக்குக் காட்டுவது பெயர், கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது குறியீடு என்று பிரித்து வைத்ததால், பெயர்ப் பலகையை மாற்றுகிறவர் முன்பதிவு நிரலை மாற்ற வேண்டியதில்லை.

பெயர் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 2020 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும் அரசாணை வெளியானது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலப் பெயரைச் சாவியாக வைத்திருந்த நிரல் ஏதாவது அந்த ஆணையை உடனே பின்பற்றியிருந்தால், எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை மாற்றி, சில நாட்களில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய. இரண்டு கோப்புகளில் “கோடம்பாக்கம்” என்று எழுதியிருக்கிறது. திரையில் இம்மியும் வேறுபாடு இல்லை. நிரல் மட்டும் இரண்டும் வேறு என்கிறது. நிரல் பொய் சொல்லவில்லை. “கோ” என்ற எழுத்தில் ககரத்துக்குப் பின்னால் வரும் ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடில் ஒரே எண்ணாக (எழுத்தெண்ணாக) வைக்கலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தெண்களாக அடுத்தடுத்தும் வைக்கலாம். முதல் முறையில் கோடம்பாக்கம் 12 எழுத்தெண்கள், இரண்டாவது முறையில் 13. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் தரநிலை சொல்கிறது. ஆனால் நிரலில் நாம் எழுதும் சாதாரண ஒப்பீடு எழுத்தெண்களை வரிசையாகப் பார்த்துவிட்டு “வேறு” என்று கையை விரித்துவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை ஒரு கோப்பிலும், விசைப்பலகையில் நேரடியாகத் தட்டிய உரை இன்னொன்றிலும் இருந்தால் இது எளிதாக நடக்கும். தமிழ் உரையை உள்ளே வாங்கும்போதே என்.எஃப்.சி. என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் அதற்குத் தயாரான வசதி உண்டு. அதோடு, பெயரைச் சாவியாக வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சாவி விஷயத்தில் இன்னும் ஒன்று. ஒரு நிலையம் மூடப்பட்டால் அதன் குறியீட்டை வேறு நிலையத்துக்குக் கொடுக்காதீர்கள். நிரல்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள கூகுள் 2008-இல் பொதுவெளியில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற வடிவத்தில் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது தரவின் ஒவ்வொரு கூறுக்கும், ஓர் எண் உண்டு. ஒரு புலத்தை நீக்கினால் அந்த எண்ணை “ஒதுக்கப்பட்டது” என்று அறிவித்துப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். பழைய எண்ணைப் பழைய பொருளில் வாசிக்கும் நிரல் எங்கோ ஒரு தொலைபேசியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

ஒரே மூலம்

சாவி கிடைத்துவிட்டது. அடுத்து, ஒவ்வொரு தகவலும் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதப்பட வேண்டும். மற்ற இடங்கள் அதை வாசித்துக்கொள்ளட்டும். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற இரு நிரலாளர்கள் 1999-இல் இதை “திரும்ப எழுதாதே” என்ற கொள்கையாகப் பிரபலப்படுத்தினார்கள். நம் செயலியில் அது இப்படி ஓர் எளிய கோப்பாக இருக்கலாம்:

எம்எஸ்பி, சென்னைக் கடற்கரை
எம்எஸ், சென்னை எழும்பூர்
எம்பிஎம், மாம்பலம்
டிபிஎம், தாம்பரம்
சிஜிஎல், செங்கல்பட்டு

(இடையில் உள்ளவற்றை விட்டிருக்கிறேன்.) நிலையங்களின் வரிசையும் ஒரு தகவல்தான், அது இந்தக் கோப்பில் வரிகள் இருக்கும் வரிசையிலேயே இருக்கிறது. வேறு எந்தக் கோப்பும் வரிசையைப் பற்றிப் பேசக் கூடாது. கட்டணக் கோப்பு “டிபிஎம்” என்று சொல்லலாம், “18-ஆவது” என்று சொல்லக் கூடாது. கணக்கிட்டுப் பெறக்கூடிய எதையும் தனியாக எழுதி வைக்காதீர்கள். மொத்த நிலையங்கள் 28 என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அதை அழித்துவிட்டு, கோப்பில் உள்ள வரிகளை எண்ணச் சொல்லுங்கள். பில் மென்பொருளிலும் இதே கதைதான். மாநிலத்துக்குள் விற்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. பதினெட்டை மட்டும் எழுதுங்கள், ஒன்பதை நிரல் கணக்கிட்டுக்கொள்ளும். மூன்றையும் எழுதி வைத்தால் ஒருநாள் மூன்றில் ஒன்று மட்டும் மாறும்.

ஒரே கோப்பை எல்லோராலும் நேரடியாக வாசிக்க முடியாத நிலையும் உண்டு. தொலைபேசிச் செயலி கோட்லினில், சர்வர் பைத்தானில், தரவுத்தளம் எஸ்.க்யூ.எல்.-இல். மூன்றும் வேறு வேறு மொழிகள், வேறு வேறு நேரத்தில் பில்ட் ஆகின்றன. அப்போது மூலக்கோப்பிலிருந்து மற்ற மூன்றையும் ஒரு சிறு நிரலைக் கொண்டு உருவாக்கிக்கொள்ளலாம். முப்பது வரிப் பைத்தான் போதும். இப்படி உருவான கோப்பின் முதல் வரியில் “இது நிரலால் உருவானது, கையால் திருத்தாதீர்கள்” என்று இருக்க வேண்டும். கோ என்ற நிரல்மொழிக்காரர்கள் இந்த வரிக்கு ஒரு நிலையான வடிவமே வைத்திருக்கிறார்கள். கருவிகள் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும்.

எழுதி வைத்தால் போதுமா? அவசரத்தில் யாரோ ஒருவர் உருவான கோப்பைத் திறந்து ஒரு பெயரைத் திருத்தத்தான் செய்வார். அடுத்த முறை உருவாக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும், அவர் வந்து “நான் மாற்றினேனே” என்பார். ஆகவே, மாற்றங்களைச் சேர்ப்பதற்கு முன் சர்வரில் தானாக ஓடும் சோதனையில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: கோப்புகளை மறுபடி உருவாக்கு, கிட்டில் இருப்பதற்கும் இப்போது உருவானதற்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் நிறுத்து. கையால் திருத்தியவருக்கும், மூலத்தை மாற்றிவிட்டு உருவாக்க மறந்தவருக்கும் உடனே சிவப்பு விளக்கு எரியும்.

பிரதி தவிர்க்க முடியாதபோது

எல்லாவற்றையும் ஒரே மூலத்திலிருந்து உருவாக்க முடியாது. ஆங்கிலப் பெயர்களையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்பவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார், கட்டணத்தை வேறு குழு பராமரிக்கிறது என்றால் தனிக் கோப்புகள் இருக்கத்தான் செய்யும். அங்கே பலரும் செய்வது, கோப்பின் தலையில் “இதை மாற்றினால் கட்டணக் கோப்பையும் மாற்றவும்” என்று ஒரு குறிப்பு எழுதுவது. இல்லாததற்கு இது மேல். ஆனால் கட்டணக் கோப்பைத் திறந்தவருக்கு இந்தக் குறிப்பு தெரியாது. கோப்பின் பெயர் மாறிய பிறகும் குறிப்பு பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். வீடு மாறிய பிறகும் பழைய வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை மாதிரி.

குறிப்புக்குப் பதிலாக ஒரு சோதனை எழுதுங்கள். நிலையக் கோப்பில் உள்ள குறியீடுகளை ஒரு தொகுதியாக எடுங்கள், கட்டணக் கோப்பில் உள்ளவற்றை இன்னொரு தொகுதியாக எடுங்கள். முதலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை எவை, இரண்டாவதில் இருந்து முதலில் இல்லாதவை எவை என்று இரு திசையிலும் பாருங்கள். ஒரு திசையை மட்டும் பார்ப்பது வழக்கமான சோம்பேறித்தனம். அப்படிப் பார்த்தால் விடுபட்டது தெரியும். மூடப்பட்ட நிலையத்தின் கட்டணம் கோப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாது. சோதனை தோற்றால் “பட்டியல்கள் பொருந்தவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் குறியீடு எந்தக் கோப்பில் இல்லை என்று பெயர் சொல்லி அச்சிடட்டும்.

சில கருவிகள் இதில் பாதியை இலவசமாகவே செய்து தருகின்றன. ஆண்ட்ராய்டில் ஆங்கிலச் சொற்கோப்பில் இருக்கும் ஒரு சொல் தமிழ்ச் சொற்கோப்பில் இல்லையென்றால் லின்ட் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கும். சி மொழியில் நிலையங்களை ஒரு வரையறுத்த பெயர்ப்பட்டியலாக அறிவித்து, ஸ்விட்ச் கட்டளையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை எழுதினால், எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் விடுபட்ட நிலையத்தை ஜி.சி.சி. என்ற கம்பைலர் சுட்டிக்காட்டும். அதே ஸ்விட்சின் கடைசியில் “மற்றவை எல்லாம்” என்ற டிஃபால்ட் கிளையைச் சேர்த்துவிட்டால் அந்த எச்சரிக்கை வராது. பாதுகாப்புக்காக என்று நினைத்துத்தான் பலரும் அந்தக் கிளையைச் சேர்க்கிறார்கள்! புதிய நிலையம் சேரும் நாளில் அது சத்தமில்லாமல் “மற்றவை”யில் போய் விழும்.

ஒன்றாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல

“திரும்ப எழுதாதே” என்று கேட்ட உற்சாகத்தில், பார்க்க ஒன்றுபோல் இருப்பதையெல்லாம் ஒன்றாக்கத் தொடங்குவார்கள். இதற்கு ரயிலை விட்டுத் தியாகராய நகர் மளிகைக் கடை ஒன்றின் பில் மென்பொருளுக்குப் போகலாம். சோப்புக்கு வரி 18 சதவீதம் என்று ஒரு கோப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக இன்னொரு கோப்பிலும் 18 இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் “பதினெட்டு” என்ற ஒரே மாறிலியில் வைத்துவிடுகிறார். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்புக்கு வரி 5 சதவீதமாகக் குறைகிறது. மாறிலியை 5 என்று மாற்றுகிறார்கள். அன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கும் சிகரெட் விற்கலாம் என்று மென்பொருள் அனுமதிக்கிறது.

இரண்டு இடங்களில் ஒரே மதிப்பு இருப்பது எதையும் நிரூபிக்காது. ஒன்று மாறினால் மற்றதும் மாறியே ஆக வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது ஒரே தகவல். இல்லை என்றால் இரண்டு தகவல்கள், தற்செயலாக ஒரே எண்.

இதே கேள்வி பழைய பில்லிலும் உதவும். நெய்க்கு வரி 12 சதவீதமாக இருந்தது, அதே நாளில் 5 ஆனது. செப்டம்பர் 20 அன்று விற்ற நெய்யின் பில்லை 25-ஆம் தேதி மறு அச்சு எடுத்தால் அதில் 12 சதவீதம்தான் இருக்க வேண்டும். ஒரே மூலம் என்ற பெயரில் பில்லும் வரிக்கோப்பிலிருந்து விகிதத்தை வாசித்தால் பழைய கணக்கெல்லாம் தானாக மாறிப்போகும். நடந்து முடிந்த விற்பனையின் பதிவு, அன்றைய விகிதத்தைத் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பிரதிதான் சரி. வரிக்கோப்பிலும் பழைய விகிதத்தை அழித்து எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வரி வரியாகச் சேர்த்துக்கொண்டு போவது உத்தமம். வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தரும்போது அந்தப் பழைய விகிதம் தேவைப்படும்.

பழைய திட்டத்தில் எங்கே தொடங்குவது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் சேர்ந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே மூலத்துக்குக் கொண்டுவரும் உரிமையும் இருக்காது, நேரமும் இருக்காது. ஒரு தகவலைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் புழங்காத நிலையம் ஒன்றின் பெயரையும் குறியீட்டையும் எல்லாக் கோப்புகளிலும் தேடுங்கள். பரனூர் நல்ல தேர்வு, வேறு காரணத்துக்காக அந்தச் சொல் நிரலில் வந்திருக்க வாய்ப்பு குறைவு. எத்தனை கோப்புகளில் கிடைக்கிறதோ அத்தனை இடங்களில் பட்டியல் இருக்கிறது. பிறகு கிட்டின் வரலாற்றைப் பாருங்கள். கடந்த மாற்றங்களில் எந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறியிருக்கின்றன? “விடுபட்டதைச் சேர்த்தேன்” என்ற செய்தியோடு மறுநாள் வந்த மாற்றங்கள் எவை? உறவுள்ள கோப்புகளை அந்த வரலாறே காட்டிக்கொடுக்கும்.

கிடைத்த கோப்புகளில் எதையும் உடனே மாற்றாதீர்கள். முதலில் இரு திசைச் சோதனையை மட்டும் எழுதி ஓட்டுங்கள். முதல் ஓட்டத்திலேயே பட்டியல்கள் பொருந்தவில்லை என்று வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் வரும். எது சரி என்று நீங்களே முடிவு செய்யாமல், அந்தத் தரவுக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுத் திருத்துங்கள்.

முதல் ஓட்டத்திலேயே பச்சை வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கட்டணக் கோப்பில் பரனூரின் வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பரனூரின் பெயரைச் சொல்லிச் சிவப்பு வந்தால் வரியைத் திரும்ப வைத்துவிட்டுச் சோதனையைச் சேர்த்துவிடலாம். அப்போதும் பச்சையே வந்தால், சோதனை காலியான இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு “பொருந்துகின்றன” என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கோப்பின் பாதை சரியா என்று பாருங்கள்.